“கால் ஊனி நிக்கிறான் பாருங்க”: 29 வாரத்தில் பிறந்த ஒரு குழந்தையின் நிகழ்வு ஆய்வு

குழந்தையை அக்குளில் பிடித்துத் தூக்கி என் மேசைமேல் நிறுத்திக் காட்டினார் பாட்டி. “ஆறு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள கால் ஊனி நிக்கிறான் பாருங்க. இவனைப் போய் குறைமாசப் பிள்ளைன்னு சொல்ல முடியுமா?”

பையன் நின்றான். முழங்கால் கொஞ்சமும் மடங்கவில்லை. குதிகால் மேசையில் படவில்லை, பெருவிரல் நுனி மட்டும்தான் பட்டது. வலது கால் இடது காலுக்குக் குறுக்கே போய் நின்றது. பாட்டியின் முகம் முழுக்கப் பெருமை. அம்மா மட்டும் பிள்ளையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பிசியோதெரபிஸ்ட். தென்மாவட்டம் ஒன்றில், குழந்தைகளுக்கான ஆரம்பகட்ட இடையீட்டு மையத்தில் வேலை செய்கிறேன். மிகக் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளிடம் நரம்பு வளர்ச்சிக் கோளாறின் முதல் அறிகுறிகள் எப்படித் தெரியும், அவை எப்படித் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் என்பதற்கு இந்தப் பையனைவிடத் தெளிவான உதாரணம் என்னிடம் இல்லை. குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய எதையும் இதில் எழுதவில்லை.

பிறந்ததிலிருந்து வீடு வந்தது வரை

அம்மாவுக்கு 24 வயது, முதல் பிரசவம். 29ஆம் வாரத்தில் பனிக்குடம் உடைந்தது. நுரையீரல் முதிர்வதற்கான ஸ்டீராய்டு ஊசியில் ஒரு தவணை மட்டும் போட நேரம் இருந்தது. பிறப்பு எடை 1,140 கிராம். பிறந்தவுடன் மெல்ல அழுதான். ஆறு நாள் சீபேப்பில் (மூக்கு வழியாக அழுத்தத்தோடு காற்று கொடுக்கும் கருவி) இருந்தான். மூச்சு விட்டு விட்டு வந்ததால் கஃபீன் மருந்து கொடுக்கப்பட்டது. ஒன்பதாம் நாள் ரத்தத்தில் கிருமித் தொற்று, இரத்த அழுத்தம் இறங்கியது, 14 நாள் ஆன்டிபயாட்டிக் ஓடியது. எனக்கு முக்கியமாகப் பட்டது இந்த ஒன்பதாம் நாள்தான். அதற்குக் கீழே வருகிறேன்.

தலை உச்சிக்குழி வழியாக எடுத்த மூளை ஸ்கேன் இரண்டு. மூன்றாம் நாள் எடுத்ததில் ரத்தக்கசிவு இல்லை. இரண்டாவது 12ஆம் நாள் எடுத்தது. அதில் மூளைக்குள் நீர் நிரம்பிய அறைகளின் ஓரங்கள் வழக்கத்தைவிட வெளிறித் தெரிவதாகவும், மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும் என்றும் ஒரு வரி இருந்தது. மறுபடி எடுக்கவில்லை. 44ஆம் நாள் 1,680 கிராம் எடையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். விழித்திரைப் பரிசோதனைக்குத் தேதி குறித்துக் கொடுத்திருந்தார்கள், குடும்பமும் தவறாமல் போய் வந்தது. வளர்ச்சிப் பரிசோதனைக்குத் தேதி இல்லை. டிஸ்சார்ஜ் தாளின் கடைசியில் ‘வளர்ச்சி கண்காணிப்புக்கு வரவும்’ என்று மட்டும் இருந்தது. எப்போது, எங்கே, யாரிடம் என்பது இல்லை.

வீட்டுக்கு வந்தபின் நடந்ததை அம்மா சொன்னார். ஒரு தடவை பால் குடித்து முடிக்க முக்கால் மணி நேரம். குக்கர் விசில் அடித்தால் உடம்பு முழுக்கத் தூக்கிப்போடும், அப்புறம் அரை மணி நேரம் அழுகை. தூக்கினால் முதுகை வில்லாக வளைத்துப் பின்னால் சாய்வான். துணி மாற்றும்போது கவட்டை விரியாது. “ஒரு கையால காலை விலக்கிப் பிடிச்சுக்கிட்டே இன்னொரு கையால கட்டணும் மேடம்” என்றார். இதையே அவர் ஒரு மருத்துவரிடம் சொல்லியிருக்கிறார். குறைமாசக் குழந்தை அப்படித்தான் இருக்கும், ஒரு வயசு வரைக்கும் பார்க்கலாம் என்று பதில் வந்திருக்கிறது. அதன் பிறகு தடுப்பூசி நாளில், தொடையில் ஊசி போடக் காலைப் பிடித்த கிராம சுகாதார செவிலியர் அந்த விறைப்பைக் கையில் உணர்ந்து எங்களிடம் அனுப்பினார். பாட்டியின் பெருமையும் அந்தச் செவிலியரின் சந்தேகமும் ஒரே காலைப் பற்றியவை.

வயதுக் கணக்கு

வந்த அன்று பையனுக்குப் பிறந்து 24 வாரம். ஆனால் அவன் 11 வாரம் முன்னால் பிறந்தவன். அதைக் கழித்தால் 13 வாரம். திருத்திய வயது என்று நாங்கள் சொல்வது இதைத்தான். இரண்டு வயது வரை வளர்ச்சியை இந்தக் கணக்கில் பார்க்க வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதிக் கணக்கு.

இந்தக் கழித்தல் இரண்டு பக்கமும் வெட்டும். கழிக்காமல் பார்த்தால் நன்றாக இருக்கும் குழந்தையும் பின்தங்கியதாகத் தெரியும், வீட்டில் வீண் பயம் வரும். ஆனால் ‘குறைமாசம், அதனால் மெதுவாகத்தான் வரும்’ என்ற சமாதானத்துக்கும் இதே கணக்குதான் மறைவிடம் ஆகிவிடுகிறது. திருத்திய வயது தாமதத்துக்குத்தான் விளக்கம் தரும். விறைப்பு, விரல் மூடிய கை, வில்லாக வளையும் முதுகு இவற்றுக்கு எந்தக் கணக்கிலும் விளக்கம் கிடையாது. குறைமாதத்தில் பிறந்த குழந்தை நிறைமாதக் குழந்தையைவிடத் தளர்வாகத்தான் இருக்க வேண்டும், விறைப்பாக இல்லை.

மேசையில் பார்த்தவை

மூன்று மாதக் குழந்தையை நிறுத்திப் பிடித்தால் கால் துவளும், மடங்கும், ஏதோ கொஞ்சம் பாரம் தாங்கும். பலகை போல நிற்காது. அவன் நின்றது தசையின் இறுக்கத்தால், பலத்தால் இல்லை. பாட்டியிடம் அதை அப்போதே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குழந்தையை வாங்கிப் படுக்க வைத்தேன்.

தொடைகளை மெதுவாக விரித்து அளந்தேன். இந்த வயதில் 40 முதல் 80 டிகிரி வரை விரிய வேண்டும். 30 டிகிரியில் நின்றுவிட்டது. வேகமாக விரித்தால் நடுவில் ஒரு பிடிப்பு. கை விரல்கள் மூடி, கட்டைவிரல் உள்ளே போயிருந்தது. பிறந்த குழந்தை கை மூடி வைத்திருப்பது சகஜம்தான், மூன்று மாதத்தில் பெரும்பாலான நேரம் விரிந்திருக்க வேண்டும். இவனுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தபோது உள்ளங்கை ரேகைக்குள் துணிப் பஞ்சும் காய்ந்த பாலும் சேர்ந்து ஒட்டியிருந்தது, தோல் ஈரமாகி வெளுத்திருந்தது. பாட்டி தினமும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறார், அவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார். அப்படிப்பட்ட கைக்கே எட்டாத அளவு அந்த விரல்கள் இறுகியிருந்தன.

பாட்டி அப்போது ஒன்று சொன்னார். “குளிப்பாட்டக் கால்ல போட்டா, இவங்க அம்மா எல்லாம் சின்ன வயசுல மெழுகு மாதிரி ஒட்டிக்கிடுவா. இவன் கட்டை மாதிரி உருளுவான்.” நீட்டிய கால்களின் மேல் கிடத்தி நலங்கு மாவு தேய்த்துப் பழகிய கைகள் அவை. தசை இறுக்கத்தை அளக்க எங்களுக்கு அளவுகோல் இருக்கிறது, அவருக்கு நான்கு குழந்தைகளைக் குளிப்பாட்டிய அனுபவம் இருந்தது. அவர் வேறுபாட்டைச் சரியாகவே உணர்ந்திருந்தார். அதற்கு என்ன பொருள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். இப்போது புதிதாக வரும் எந்தக் குடும்பத்திலும் குளிப்பாட்டுவது யார் என்று முதலில் கேட்கிறேன்.

பிறகு ஹாமர்ஸ்மித் பரிசோதனை. குழந்தையின் நரம்பு நிலையை மதிப்பெண் போட்டுப் பார்ப்பது. 26 அம்சங்கள், மொத்தம் 78 மதிப்பெண். மூன்று மாதத்தில் 57க்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும். இவனுக்கு 49.

மூன்று நிமிட வீடியோ

எல்லாவற்றையும்விட எனக்கு அதிகம் சொன்னது, குழந்தையைத் தொடாமலே பார்த்த பரிசோதனைதான். பால் குடித்து முடித்துத் தெளிவாக விழித்திருந்த நேரத்தில் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்தோம். கை கால் தெரியும்படி மெல்லிய சட்டை. பொம்மை இல்லை, பேச்சு இல்லை, யாரும் கொஞ்சக் கூடாது. மேலிருந்து மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமாக வீடியோ எடுத்தோம்.

நல்ல நிலையில் இருக்கும் மூன்று மாதக் குழந்தையைச் சும்மா படுக்கப் போட்டுப் பாருங்கள். கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் என்று உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன அசைவுகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு திசையில் போனது மறுபடி அதே திசையில் போகாது. துறுதுறு என்று நாம் சொல்வோமே, அந்தத் துறுதுறுப்பேதான். பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து 9 வாரம் முதல் 20 வாரம் வரை இது இருக்கும், 12 முதல் 16 வாரத்தில் நன்றாகத் தெரியும்.

இந்தத் துறுதுறுப்பை ஒரு பரிசோதனையாக்கியவர் ஹைன்ஸ் பிரெக்டல். ஆஸ்திரியாவில் பிறந்து, நெதர்லாந்தின் குரோனிங்கனில் நெடுநாள் பணியாற்றியவர். 1997இல் அவரும் அவருடைய குழுவினரும் 130 குழந்தைகளின் வீடியோக்களைப் பார்த்து, இரண்டு வயதில் அதே குழந்தைகள் எப்படி இருந்தார்கள் என்று ஒப்பிட்டு வெளியிட்டார்கள். துறுதுறுப்பு சரியாக இருந்த 70 பேரில் 67 பேர் நன்றாக இருந்தார்கள். துறுதுறுப்பு இல்லாத அல்லது இயல்பாக இல்லாத 60 பேரில் 57 பேருக்குப் பிறகு நரம்பியல் குறைபாடு தெரிந்தது. தேவைப்பட்டது ஒரு கேமராவும் பயிற்சி பெற்ற ஒரு ஜோடிக் கண்ணும் மட்டும்.

எங்கள் வீடியோவில் அது இல்லை. இரண்டு கையும் இரண்டு காலும் ஒரே நேரத்தில் விறைத்தன, ஒரே நேரத்தில் தளர்ந்தன. இடையில் அசைவில்லை. மணிக்கட்டு ஒரு தடவைகூடத் தனியாகச் சுழலவில்லை. ஒரே ஒரு வீடியோவை வைத்து முடிவு செய்யக் கூடாது, குழந்தைக்கு அன்று உடம்பு சரியில்லாமல்கூட இருக்கலாம். பத்து நாள் கழித்து, திருத்திய வயது 14 வாரம் தாண்டியபின் மறுபடி எடுத்தோம். அதிலும் இல்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எடுத்த எம்ஆர்ஐயில் மூளையின் பக்க அறைகளின் ஓரம் நெளிந்திருந்தது, அவற்றைச் சுற்றிய வெண்பொருள் (நரம்பிழைகள் ஓடும் பகுதி) மெலிந்திருந்தது.

ஏன் கால்?

அம்மா கேட்ட கேள்வி இது. மூளையில்தானே அடி, கை பரவாயில்லை, கால் மட்டும் ஏன்?

24 முதல் 32 வாரம் வரை, மூளை அறைகளுக்குப் பக்கத்தில் ஒரு வகைச் செல்கள் வளர்ந்துகொண்டிருக்கும். மின்கம்பிக்கு மேலுறை போட்டது போல நரம்பிழைகளுக்கு மயலின் உறை போட வேண்டியவை அவை. அந்தப் பருவத்தில் ரத்த ஓட்டம் குறைவதையும் கிருமித் தொற்றால் வரும் அழற்சியையும் அவற்றால் தாங்க முடியாது. அந்த ஓரப்பகுதிக்கு ரத்தக்குழாய்களும் இன்னும் முழுதாக வந்து சேர்ந்திருக்காது. ஒன்பதாம் நாள் தொற்று, இரத்த அழுத்தம் இறங்கியது, 12ஆம் நாள் ஸ்கேனில் வெளிறிய ஓரம்: மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை. மூளையின் மேற்பரப்பிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் இழைகளில், காலுக்குப் போகிறவைதான் அந்த அறைகளை ஒட்டி ஓடுகின்றன. கைக்குப் போகிறவை சற்றுத் தள்ளி ஓடும். அதனால் பாதிப்பு சிறிதாக இருந்தால் கால் முதலில் வாங்கும், பெரிதானால் கையும் சேரும்.

“நான் ஏதாவது சாப்பிடாம விட்டேனா மேடம்?” என்று அடுத்த கேள்வி. இல்லை என்று சொன்னேன். இல்லை என்பதை அவருக்கு ஒரு தடவை சொன்னால் போதாது. ஒவ்வொரு வருகையிலும் சொல்லியிருக்கிறேன்.

பெயர் வைப்பதும் தொடங்குவதும்

மூளை முடக்குவாதம் (செரிபிரல் பால்சி) என்ற சொல்லை 12 முதல் 24 மாதம் வரை வாயில் எடுக்காமல் இருப்பது பழைய வழக்கம். 2017இல் அயோனா நோவாக் தலைமையில் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், திருத்திய வயது ஐந்து மாதத்துக்கு முன்பே சொல்லிவிட முடியும் என்றது. எம்ஆர்ஐ, அசைவு வீடியோ, ஹாமர்ஸ்மித் மூன்றும் ஒரே பக்கம் கை காட்டினால் போதும். எங்களிடம் மூன்றுமே ஒரே பக்கம் காட்டின. குழந்தை மருத்துவரும் நானும் சேர்ந்து உட்கார்ந்து, ‘மூளை முடக்குவாதம் வருவதற்கான வாய்ப்பு மிக அதிகம்’ என்று சொன்னோம். அப்பா அன்று வேலைக்குப் போகாமல் வந்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. பாட்டிதான் வெகுநேரம் கழித்து, “அப்ப அவன் நின்னது?” என்றார்.

அன்றிலிருந்து அவனை நிறுத்திப் பார்ப்பதை நிறுத்தச் சொன்னேன். அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதைப் பாட்டியிடமே ஒப்படைத்தோம். இடுப்பில் உட்கார வைத்துத் தூக்குவது நம் ஊர் வழக்கம். இரண்டு காலும் இடுப்பின் இருபக்கம் விரிந்திருக்கும் அந்த நிலை, இந்தப் பையனுக்கு நான் தேடியும் கிடைக்காத பயிற்சி. தலை இன்னும் நிற்காததால் முதுகையும் கழுத்தையும் தாங்கிக்கொண்டு தூக்கச் சொன்னேன். குளிக்கும்போது நீட்டிய காலின்மேல் குப்புறப் போடும் நேரத்தைக் கொஞ்சம் கூட்டினோம், தலையைத் தூக்கிப் பார்க்க எதிரில் அம்மா உட்கார்ந்துகொண்டு வளையலை ஆட்டுவார். தூளியில் போட்டால் அழுகை நிற்கும், ஆனால் அசைய இடம் இருக்காது. தூக்கத்துக்கு மட்டும் தூளி, விழித்திருக்கும் நேரமெல்லாம் பாய். சக்கரம் வைத்த வாக்கர் வேண்டாம்.

பயிற்சியில் நான் வலியுறுத்தியது ஒன்றே ஒன்று: நாம் காலைப் பிடித்து அசைப்பதைவிட அவனே அசைய முயல்வது முக்கியம். கை எட்டும் தூரத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி ஸ்டீல் டம்ளரை வைத்தால், எட்டிப் பிடிக்க அவன் படும் பாடு, நான் அரைமணி நேரம் செய்யும் எதையும்விட மேல். வீட்டில் அதற்குத் தனி நேரம் ஒதுக்கவில்லை. பால் கொடுக்கும்போது, துணி மாற்றும்போது, சாமி கும்பிடும்போது என்று நாள் முழுக்கச் சிதறி இருந்தது.

காது கேட்கிறதா என்று பார்க்க பெரா பரிசோதனை செய்தோம், இயல்பு. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து வந்த குழந்தைகளுக்குச் சாதாரண காதுப் பரிசோதனை மட்டும் போதாது, காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பையும் பார்த்தாக வேண்டும். விழித்திரையில் குறைமாதத்தால் வந்த பாதிப்பு தானாகச் சரியாகியிருந்தது, ஆனால் இடது கண்ணில் மாறுகண் இருந்தது. திடீரென்று உடம்பு முன்னால் குனிந்து கைகள் விரிகிற வெட்டு, வரிசையாக வந்தால் உடனே போனில் வீடியோ எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். அது ஒரு வகை வலிப்பு, ஒரு நாளும் தாமதிக்கக் கூடாதது. நல்லவேளை, இதுவரை வரவில்லை.

இரண்டு வயது வரை

திருத்திய வயது ஆறு மாதத்தில் கை விரிந்தது, கட்டைவிரல் வெளியே வந்தது. தலை நின்றது. எட்டாம் மாதம் குப்புற விழுந்தபோது அம்மா போன் செய்தார், பின்னால் தெருவே சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு வயதில் கையை ஊன்றி உட்கார்ந்தான், கைகளால் இழுத்து நகர்ந்தான், கால்கள் இரண்டும் பின்னால் சேர்ந்தே வந்தன. அப்போது செய்த வளர்ச்சி மதிப்பீட்டில் உடல் இயக்கம் வெகுவாகப் பின்தங்கியிருந்தது, அறிவு வளர்ச்சி ஏறக்குறைய வயதுக்குத் தக்க இருந்தது. பதினெட்டாம் மாதம் ஆட்டிசத்துக்கான கேள்வித்தாளில் இரண்டு மூன்று பதில்கள் சந்தேகம் தந்தன. ‘நடக்கிறானா’, ‘மேலே ஏறுகிறானா’ போன்ற கேள்விகளில் இப்படிப்பட்ட குழந்தை தோற்பது இயல்புதான். அம்மாவிடம் விரிவாகப் பேசியதில் அந்தச் சந்தேகம் தீர்ந்தது. விரல் நீட்டிக் காட்டுகிறான், கூப்பிட்டால் திரும்புகிறான், தாத்தாவின் இருமலை நடித்துக் காட்டுகிறான்.

இரண்டு வயதில் மாற்றி மாற்றிக் கால் வைத்துத் தவழ்கிறான், கட்டிலைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடக்கிறான், கைப்பிடிச் சட்டம் இருந்தால் முற்றத்தைக் கடக்கிறான். ஐந்து படிநிலைகள் கொண்ட உடல் இயக்க வகைப்பாட்டில் இரண்டாம் நிலை. இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசுகிறான்.

சீக்கிரம் தொடங்கியதால்தான் இப்படி ஆனான் என்று நான் எழுத மாட்டேன். குறைமாதக் குழந்தைகளுக்கான ஆரம்பகாலப் பயிற்சிகளை ஆராய்ந்தவர்கள் தொகுத்துச் சொல்வது இது: அறிவு வளர்ச்சியில் கிடைக்கும் பலன் பள்ளிக்கு முந்தைய வயது வரை நிற்கிறது, உடல் இயக்கத்தில் பலன் சிறியது. இவனுக்கு விறைப்பு போகவில்லை, போகவும் போகாது. ஆனால் இடுப்பு மூட்டு விலகவில்லை, கை அவனுக்கு வேலை செய்கிறது, பால் குடிக்கும் நேரம் சண்டையாக இல்லை, வீட்டில் யாருக்கும் அவன் புதிராக இல்லை. இவற்றை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

இதைப் படிக்கும் குறைமாதக் குழந்தையின் பெற்றோர் ஒருவர் பயந்துவிடக் கூடாது என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 32 வாரத்துக்கு முன் பிறக்கும் குழந்தைகளிலும் பெரும்பாலோருக்கு மூளை முடக்குவாதம் வருவதில்லை. முதல் வருடத்தில் கொஞ்சம் விறைப்பு இருந்து, பிறகு தானாகப் போய்விடும் குழந்தைகளும் உண்டு. அவர்களுக்கும் வீடியோ எடுக்கிறோம். துறுதுறுப்பு இருந்தால் நிம்மதியாக அனுப்புகிறோம், ஆனால் கோப்பை மூடுவதில்லை. கவனச் சிதறல், கணக்கில் திணறல், பேச்சுத் தாமதம் எல்லாம் பிறகுதான் தெரியும்.

எங்கே நழுவியது

மூன்று இடங்கள். மறுபடி எடுக்க வேண்டும் என்று எழுதிய ஸ்கேன் எடுக்கப்படவில்லை. வெண்பொருளில் வரும் சிறு குழிகள் பாதிப்பு நடந்து இரண்டு மூன்று வாரம் கழித்தே ஸ்கேனில் தெரியும், அதற்குள் இவனுக்கு ஸ்கேன் எடுப்பது நின்றுவிட்டது. டிஸ்சார்ஜ் தாளில் தேதி இல்லை. கவட்டை விரியவில்லை என்று அம்மா சொன்னபோது, யாரும் அந்தக் கவட்டையைத் தொட்டுப் பார்க்கவில்லை. மூன்றிலும் கருவியோ பணமோ தடையாக இருக்கவில்லை. கிராம சுகாதார செவிலியர் மட்டும் கவனிக்காமல் விட்டிருந்தால் இவன் எங்களிடம் வந்தது ஒன்றரை வயதில் ‘இன்னும் நடக்கவில்லை’ என்றுதான் இருந்திருக்கும். அசைவு வீடியோவுக்கான காலம் அப்போது முடிந்து ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியிருக்கும்.

இப்போது எங்கள் பகுதியில் 32 வாரத்துக்கு முன் பிறந்து வீட்டுக்குப் போகும் குழந்தையின் தாளில், பிறந்திருக்க வேண்டிய தேதியையும் அதிலிருந்து 13ஆம் வாரத்தின் தேதியையும் பெரிய எண்ணில் எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். சில இடங்களில் எழுதுகிறார்கள்.

பையனுக்கு அடுத்த இடுப்பு எக்ஸ்ரே இரண்டரை வயதில். கணுக்காலுக்கு ஸ்பிளிண்ட் அளவெடுத்தாகிவிட்டது. கெண்டைக்கால் தசையின் இறுக்கத்தைத் தளர்த்தப் போட்டாக்ஸ் ஊசி போடலாமா என்று எலும்பு மருத்துவரிடம் கேட்டிருக்கிறோம். அங்கன்வாடியில் சேர்க்க வாசல்படி உயரமாக இருக்கிறது, அதற்குப் பாட்டி ஒரு மரப்பலகை செய்யச் சொல்லியிருக்கிறார்.